சமனுக்காக அரக்கிய வேலி

ஓய்வுபெற்றபின் மொன்றியலில் எனக்குக் கிடைத்த ஒரே உத்தியோகம், அஹுன்ட்சிக் பகுதியில் நடந்த பிரெஞ்சு வகுப்பில் மாணவனாக இருப்பது. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. எங்கள் ரீச்சருக்கு இரண்டு பற்றுகள்: பிரெஞ்சு இலக்கணம், பண்ணையில் வளராத காட்டுச் சமன், அதாவது சால்மன் மீன். ஒன்றை விட்டு மற்றதைப் படிப்பிக்க அவருக்குத் தெரியாது. சமன் வந்தது, சமன் போனது, சமன் திரும்பி வரவில்லை. இறந்தகாலத்துக்கு இதைவிடப் பொருத்தமான பிராணியை நானும் கண்டதில்லை.

எங்கள் ஆட்களுக்குச் சமன் என்றால் கடையில் விற்கும் தகரப்பேணிக்குள் பிறந்து அதற்குள்ளேயே காலமாகும் மீன். அது கடலிலிருந்து ஆற்றில் ஏறிக் கூழாங்கற்களுக்கிடையே முட்டையிடும் என்பதும், கரை இடிந்து சேறு விழுந்தால் முட்டைகள் மூச்சடைத்துப் போகும் என்பதும் வினைச்சொற்களோடு சேர்ந்து எங்கள் மண்டைக்குள் ஏறியவை.

ஒரு வசந்தகாலத்தில் ரீச்சர் வகுப்பு முழுவதையும் பஸ்ஸில் ஏற்றிக் கிழக்கே ஒரு சிற்றாற்றங்கரைக்குக் கொண்டுபோனார். கரையில் வில்லோ மரத் தடிகள் நடவேண்டும். வேர் மண்ணைப் பிடிக்கும், நிழல் தண்ணீரைக் குளிராக வைத்திருக்கும். நிலம் ஒரு சோளக்காரருடையது. ரீச்சர் வருடக்கணக்காகக் கெஞ்சியதில் அவர் கொடுத்தது, ஒரு பாய் விரிக்கக்கூடிய அகலம். அதன் எல்லைக்கு ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு வெளியே ஒரு தடி நின்றாலும் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஆற்றின் விளிம்புவரை உழுதுவிடுவேன் என்பது சோளக்காரரின் நிபந்தனை. பஸ்ஸில் ரீச்சர் இதை மூன்று தரம் சொன்னார், மூன்றும் கட்டளை வாக்கியம்.

நான் யாழ்ப்பாணத்தில் காணிக் கந்தோரில், அதாவது நில அலுவலகத்தில், எல்லைத் தகராறுகளை விசாரித்தவன். ஆகையால் இறங்கியதும் அனுமதியைப் பற்றித்தான் கேட்டேன். ஆற்றுக்குள் கால் வைக்க ஒரு அனுமதி, கரையில் நட இன்னொன்று. எங்களிடம் இருந்தது இரண்டாவது மட்டும். வழுக்கி விழுபவர்கள் தயவுசெய்து கரைப்பக்கமாக விழவும் என்று எல்லோருக்கும் அறிவுறுத்தினேன்.

"பரவலாக நடுங்கள்" என்று சொல்லிவிட்டு ரீச்சர் மற்ற மாணவர்களோடு ஆற்றின் வளைவுக்கு அப்பால் போனார். இந்தப் பக்கம் நாங்கள் தமிழர் மட்டும். லாசாலிலிருந்து வரும் ஒருவர், எல்லோருக்கும் அவர் அண்ணை, ரொக்ஸ்பரோவிலிருந்து வரும் அக்கா, நான். அண்ணையின் கையில் குழி தோண்டும் அலவாங்கு, காலடியில் ஒரு கட்டு மொட்டைத் தடி. யாழ்ப்பாணத்தானுக்கு இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அவன் நடுவது காடல்ல, வேலி. தடிகளெல்லாம் வேலிக் கதியால்களாகி நெருக்கமாக, நேராக, அணிவகுத்து நின்றன.

சற்று நேரத்தில், கயிறு வயல் பக்கமாக நகர்ந்திருப்பதைக் கண்டு எனக்கு ஒரு பழைய சந்தேகம் தட்டியது.

"அண்ணை, கயிறு கொஞ்சம் அரக்கின மாதிரிக் கிடக்கு."

"காத்துக்கு, ஐயா."

"கயிறு காத்துக்கு அரக்கும். ஊண்டின கதியாலும் அரக்குமோ?"

"ஈரமண்ணெல்லே."

அக்கா நிமிரவேயில்லை. "ஐயா, நீங்கள் பென்சன் எடுத்தாச்சு. சும்மா தடியை எடுத்துத் தாங்கோ."

என் உத்தியோக காலம் முழுவதும் நான் விசாரித்தது இந்த வித்தையைத்தான். அயலவனின் பக்கம் வேலியைக் கண்ணுக்குத் தெரியாமல் தள்ளுவது. இங்கே ஒரு வித்தியாசம்: இலாபம் மீனுக்கு. இப்படியொரு வழக்குக்கு எந்த அரசாங்கச் சுற்றுநிருபத்திலும் இடமில்லை. தடியை எடுத்துக் கொடுத்தேன்.

ரீச்சர் திரும்பி வந்தபோது பாய் விரிக்கும் அகலம், குடும்பத்தோடு படுக்கும் அகலமாகியிருந்தது. அவருடைய முகம் வெளிறியது. அவர் வருடக்கணக்காகக் கேட்ட அகலம் அதுதான்; அதுவே இப்போது கரை முழுவதையும் பறிக்கப்போகிறது.

"பிடுங்குங்கள். அவர் வருவதற்குள்" என்றார்.

அண்ணை ஒன்றை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. "நான் இறுக்கினால் இறுக்கினதுதான்" என்றார், பெருமையை மறைக்காமல்.

அதற்குள் உழவு இயந்திரம் வந்து நின்றது. சோளக்காரர் இறங்கினார். கயிற்றைப் பார்த்தார், வயலைப் பார்த்தார். ஒரு கதியாலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பிறகு குந்தியிருந்து, ஒரு கண்ணை மூடி, வரிசையின் நேரைப் பார்த்தார்.

"யார் நட்டது?"

அண்ணை அலவாங்கை உயர்த்தினார்.

சோளக்காரர் வயலின் மறுபக்கத்தைக் காட்டி வேகமாக நிறையப் பேசினார். ரீச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, அதை மெதுவான பிரெஞ்சில் திருப்பிச் சொல்ல முடியாததால் மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது.

"மீன்ர பக்கம் இப்பிடியே நிக்கட்டுமாம். ஆனா அந்தப் பக்கத்துக்காரன் கனகாலமா இவற்ற காணியைத் தின்னுறானாம். வாற சனிக்கிழமை வந்து அங்கையும் இதே மாதிரி ஒரு வரிசை போட்டுத் தருவியளோ எண்டு கேக்கிறார்."

அண்ணை அலவாங்கைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த எல்லையைக் கண்ணால் அளந்தார்.

"ஓம் எண்டு சொல்லுங்கோ. எவ்வளவு அரக்கவேணுமெண்டு மட்டும் கேளுங்கோ."