நூற்றுத் தொண்ணூறு நட்சத்திரங்கள்

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாடிப்படிகள் நாற்பத்தாறு. திருப்பம் வரை இருபத்திரண்டு, அதன்பிறகு இருபத்து நான்கு. மேலே போய்ச் சேர்ந்தபோது சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. மார்ச் மாத வெயில் ஒரு காரணம். பயம் இன்னொரு காரணம்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஒன்று அது. அரசாங்க ஸ்டோரில் முப்பத்தொரு வருஷம் சரக்கு எண்ணிவிட்டு, ஐம்பத்தைந்தாவது வயதில் ஓய்வு பெற்றிருந்தேன். எண்ண வேறு எதுவும் கிடைக்காமல், கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எத்தனை பஸ் நெய்யாற்றின்கரைக்குப் போகிறது என்று எண்ணிக்கொண்டிருந்த காலம். என் ஒரே மகள் பிளஸ் டூவில் மனோதத்துவத்தை ஒரு பாடமாக எடுத்திருந்தாள். அன்று அவளுக்குப் பிராக்டிகல் பரீட்சை. பரீட்சை எழுதுவது அவள்தான். ஆனால் மேஜையில் உட்கார்ந்து சோதனைக்கு உட்பட வேண்டியவன் நான்.

அந்தப் பாடத்தில் அப்படி ஒரு முறை. மாணவர்கள் ஆளுக்கு ஒரு வெளியாளைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். அந்த ஆளை வைத்துச் சோதனை செய்து, எண்களைக் குறித்து, வரைபடம் போட்டு, முடிவு எழுத வேண்டும். அந்த ஆளுக்குச் 'சப்ஜெக்ட்' என்று பெயர்.

அவள் இந்தப் பாடத்தை எடுத்ததே எனக்குப் பிடிக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் கேட் வழியாக எட்டிப்பார்த்து, "என்ன அண்ணாச்சி, மகளுக்கு ஊளன்பாறையில வேலை உறப்பிச்சாச்சா?" என்பார். ஊளன்பாறையில் மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது. "டாக்டராவா, இல்ல உள்ள கெடக்கவா?" என்று அவரே சொல்லி அவரே சிரிப்பார். இதை அவர் என்னிடம் சொன்னது ஆறு முறை.

பரீட்சைக்கு இருபது நாள் இருக்கும்போது மகள் சொன்னாள்: "அப்பா, எனக்கு சப்ஜெக்டா நீங்க வரணும். அம்மாவை வச்சு ரெக்கார்டில செய்தாச்சு. புது ஆள் வேணும்."

"நான் என்ன படிக்கணும்?"

"ஒண்ணும் படிக்கண்டாம். சும்மா வந்தா மதி."

மதி என்றால் மலையாளத்தில் போதும் என்று அர்த்தம். மார்க் என்று வந்த இடத்தில் சும்மா வந்தால் போதும் என்கிறவளை எப்படி நம்புவது? மறுநாள் அவள் பள்ளிக்குப் போனதும் அவளுடைய ரெக்கார்ட் நோட்டை எடுத்துப் பார்த்தேன். பத்துச் சோதனைகள். பரீட்சையில் எது வரும் என்பது சீட்டு எடுத்துத்தான் தெரியும். அவற்றில் ஒன்பது என்னைப் பயமுறுத்தவில்லை. ஏழாவதுதான் பயமுறுத்தியது.

ஆறு முனையுள்ள ஒரு நட்சத்திரம். இரட்டைக் கோட்டில் வரைந்தது. இரண்டு கோட்டுக்கும் நடுவே பென்சிலை ஓட்டிச் சுற்றி வரவேண்டும். ஆனால் கையையும் தாளையும் நேராகப் பார்க்கக் கூடாது. ஒரு அட்டை மறைத்திருக்கும். எதிரே நிற்கும் கண்ணாடியில் தெரிவதை மட்டும் பார்த்துப் போடவேண்டும். கோட்டைத் தாண்டினால் ஒரு பிழை. என் மனைவியை வைத்துச் செய்ததன் எண்கள் அங்கே இருந்தன. முதல் தடவை முப்பத்தெட்டுப் பிழை. பிறகு முப்பத்தொன்று, இருபத்தேழு என்று குறைந்து, பத்தாவது தடவை பன்னிரண்டு.

முப்பத்தெட்டு! முப்பத்தொரு வருஷத்தில் என் பேரில் ஒரு ஸ்டாக் பிழைகூடக் கிடையாது.

மனைவி மத்தியானம் படுத்ததும் அவளுடைய முகம் பார்க்கும் கண்ணாடியைப் பெருங்காய டப்பாவில் சாய்த்து வைத்து, காலண்டர் அட்டையால் கையை மறைத்து ஆரம்பித்தேன். முதல் நட்சத்திரத்தில் அறுபத்தொரு பிழை. மேலே போ என்றால் கை கீழே போகிறது. மூலையில் பென்சில் அசைய மறுத்துத் துடித்தது. வெட்கமாக இருந்தது. ஒரு நாளைக்குப் பத்து என்று கணக்கு வைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றின் பிழையையும் பாக்கெட் டைரியில் குறித்தேன். ஒருநாள் மனைவி எழுந்து வந்து நின்று பார்த்துவிட்டாள்.

"என்ன செய்யுதிய? கண்ணாடியப் பாத்துக் கோலம் போடுதியளா?"

"மகளுக்காகத்தான். நீ சொல்லாத."

"பெயின்சன் வாங்கின பெறவு ஆம்பிளைக்கு இதெல்லாம் வரும்னு சொல்லுவாவ" என்றுவிட்டு அடுக்களைக்குப் போனாள். ஆனால் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் மகளிடம் ஒரு நிபந்தனை வைத்தேன். காலேஜிலும் இதே பாடம்தான் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். "பிராக்டிகலில் நாப்பதுக்கு முப்பத்தஞ்சு வந்தாப் படி. ஒரு மார்க் குறைஞ்சாலும் பி.காம். அவ்வளவுதான்." அவள் தோசையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். எனக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. நான்தான் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறேனே, முப்பத்தைந்து எங்கே போய்விடும்?

பத்தொன்பது நாள். நூற்றுத் தொண்ணூறு நட்சத்திரங்கள். கடைசி நாள் பத்தாவதில் பிழை ஒன்று.

பரீட்சை அறையில் எட்டு மேஜை. வேறொரு பள்ளியிலிருந்து வந்த பரிசோதகர், மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஒரு அம்மா, நடந்துகொண்டிருந்தார். மகள் சீட்டு எடுத்தாள். ஏழாவது சோதனை. எனக்குக் கை தட்டவேண்டும் போல இருந்தது.

மகள் என்னை 'சார்' என்று கூப்பிட்டாள். முறை அது, சப்ஜெக்ட் யாராக இருந்தாலும் அந்நியர்தான். "சார் சௌகரியமாயிட்டு இருக்கணும்" என்று தொடங்கி, மனப்பாடமான விதிகளை மலையாளத்தில் ஒப்பித்தாள். குரல் நடுங்கியது. நடுங்காதே, அப்பா பார்த்துக்கொள்வேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஸ்டாப் வாட்ச் ஓடத் தொடங்கியது.

முதல் நட்சத்திரம்: மூன்று பிழை. இரண்டாவது: இரண்டு. பக்கத்து மேஜையிலும் இதே சோதனைதான். அங்கே உட்கார்ந்திருந்த பிளஸ் ஒன் பெண் 'அய்யோ, அய்யோ' என்று முனகியபடி நண்டு மாதிரி எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நிமிர்ந்து மகளைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது.

குனிந்து, உதடு அசையாமல் கேட்டாள்: "அப்பா, நீங்க இது முன்னாலயே செய்திருக்கியளா?"

"நல்லாத்தானே போகுது மக்ளே?"

"நல்லாப் போகக்கூடாதுப்பா! முதல்ல நிறையத் தெற்றணும், தப்பு வரணும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக் குறையணும். ஆள் எப்படிப் படிச்சு எடுக்குதுன்னு காட்டத்தான் இது. மூணுலேர்ந்து எங்க குறைய?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த முப்பத்தெட்டு என் மனைவியின் தோல்வி இல்லை. அது இல்லாமல் சோதனையே இல்லை. பரீட்சை மார்க் என்னும் ஒன்றையே பார்த்துப் பழகிய நான், பிழையே விளைச்சலாக இருக்கும் ஒரு பாடம் உண்டு என்று நினைத்துப் பார்க்கவில்லை. கண்ணாடியில் தெரிந்த என் விரல்கள் ஈரமாக இருந்தன.

மூன்றாவது நட்சத்திரத்தில் வேண்டுமென்றே கோட்டைத் தாண்டினேன். ஒன்று, இரண்டு, பதினொன்று. அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"கள்ளத்தனம் வேண்டாம்ப்பா. இது கூடுதல் மோசமாகும். கை போறபடி போகட்டும்."

போட்டேன். இரண்டு, ஒன்று, இரண்டு, ஒன்று, பூஜ்யம், ஒன்று, பூஜ்யம். பத்தும் முடிந்தது. அவள் தாளில் இருந்தவை வரைபடம் போடத் தகுதியில்லாத எண்கள். நடுவில் ஒரு பொய்.

இனி ஒன்று பாக்கி. சோதனை முடிந்ததும் சப்ஜெக்ட் தன் அனுபவத்தைச் சொல்லவேண்டும். சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். மகள் பென்சிலை எடுத்தபோது பரிசோதகர் வந்து அவள் பின்னால் நின்றார். தாளைப் பார்த்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றி இன்னொரு முறை பார்த்தார்.

என் முன்னால் இரண்டு வழி இருந்தன. 'இதுதான் முதல் தடவை, எனக்குக் கை நிதானம்' என்று சொல்லலாம். யாரால் பொய் என்று காட்ட முடியும்? ஆனால் மகள் நான் சொல்வதை எழுதுவாள். எழுதியதன் கீழே அவள் கையெழுத்து வரும். உண்மையைச் சொன்னால், தகுதியில்லாத ஆளைக் கூட்டிவந்தாள் என்று ஆகும்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சாருக்கு எந்து தோணி?" என்றாள், என்ன தோன்றியது என்று.

"பத்தொன்பது நாள் பழகினேன்" என்றேன். "தினம் பத்து. மூணாவது தடவை வேணும்னே தப்பாப் போட்டேன். நான் பழகினது மகளுக்குத் தெரியாது."

பென்சில் ஒரு நொடி நின்றது. பிறகு எழுதினாள்.

பரிசோதகர் மலையாளத்தில் கேட்டார்: எதற்காக?

"பயம்" என்றேன். "இவ மார்க் போயிரும்னு. பிறகு... இவ அம்மாவுக்கு முப்பத்தெட்டு. நான் அதுக்கு மேல போயிரக்கூடாதுன்னு."

மகள் அதையும் எழுதினாள்.

வீட்டில் முதல் நாள் எத்தனை பிழை வந்தது, நினைவிருக்கிறதா என்று கேட்டார். நினைவு எதற்கு? சட்டைப்பையிலிருந்து டைரியை எடுத்து நீட்டினேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அறுபத்தொன்று, ஐம்பத்தெட்டு, ஐம்பத்து நான்கு... உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. ஆனால் டைரியைத் திருப்பித் தந்துவிட்டு, இந்த அறையில், இந்தக் குட்டி பார்க்க எடுத்த எண்களுக்குத்தான் மார்க் போட முடியும் என்றார். பிறகு மகளிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார். என்னை வெளியே போகச் சொன்னார்கள். வராந்தாவில் ஒரு மணி நேரம் நின்றேன். உள்ளே அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கிழக்கேகோட்டையில் இறங்கும்போது, "டைரியைத் தாங்க" என்றாள். தந்தேன்.

ரிசல்ட் மே மாதம் வந்தது. பிராக்டிகலில் முப்பத்து மூன்று. இரண்டு குறைவு.

காலேஜ் விண்ணப்பத்தை அவள் என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். எல்லாம் பூர்த்தி செய்திருந்தாள். எந்தப் படிப்பு என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. விண்ணப்பத்தின் அடியில் மூன்று கிராஃப் தாள்களை ஒட்டி மடித்து வைத்திருந்தாள். விரித்தேன். என் டைரியின் நூற்றுத் தொண்ணூறு எண்களும் புள்ளி புள்ளியாக இருந்தன. அறுபத்தொன்றில் தொடங்கி இறங்கி இறங்கி வரும் கோடு, ஒரே ஒரு இடத்தில் செங்குத்தாக ஏறியிருந்தது. ஏழிலிருந்து இருபத்தொன்பதுக்கு. அந்த நாள் முழுக்க இருபதுக்குக் கீழே இறங்கவே இல்லை.

அந்தப் புள்ளியின் மேல் பென்சிலால் தேதி எழுதியிருந்தாள். வேறொன்றும் எழுதவில்லை. தேதியிலிருந்து எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டாம் நாள். அவள் தோசையை வைத்துவிட்டு எழுந்து போன நாள்.

அடுக்களைப் பக்கம் பார்த்தேன். மகள் அங்கே கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"இங்க ஏன்ப்பா ஏறிச்சு?"

"கண்ணாடி சரியா நிக்கல" என்றேன்.

"அப்படியா?" என்றாள். போகவில்லை.

பேனாவைத் திறந்து அந்தக் கட்டத்தில் பி.ஏ. மனோதத்துவம் என்று நானே எழுதினேன். கீழே, பெற்றோர் கையெழுத்துப் போடவேண்டிய இடங்களில் கையெழுத்துப் போட்டேன். மூன்று இடம்.