சபின் திறக்காத லாக்

சபின் நல்லவன்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல எனக்கு மனம் வருமோ வராதோ. ஓல்ட் என்னும் ஆற்றின் கரையில் இருக்கும் எங்கள் சின்ன ஊரின் ஆம்புலன்ஸ் அலுவலகத்தில் சர்வர்களைக் கவனிப்பவன் அவன் ஒருவன். நான் சம்ஃபிரா. அவனுக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து அவசர அழைப்புகளை எடுப்பவள்.

எங்கள் ஊரில் எதுவும் சொந்தக்காரர் வழியாகத்தான் நடக்கும். மின் இணைப்புக்கு மச்சான், பல் பிடுங்கச் சித்தப்பா மகன். சபினுக்கு இது ஆகவே ஆகாது. "எங்கிட்ட மட்டும் சிபாரிசு செல்லாதுக்கா" என்று மார்தட்டிக்கொள்வான். நேர்மைதான். ஆனால் அந்த நேர்மையைக் கொஞ்சம் கண்ணாடி முன்னால் நின்று அழகு பார்ப்பான்.

எங்கள் ஓட்டுநர் பனாயித் அவனுடைய நாஷ். நாஷ் என்றால் பேருக்குச் சொல்லும் உறவில்லை. கல்யாணத்தில் கிரீடம் சூட்டும்போது பின்னால் நின்று, "இவனுக்கு நான் பொறுப்பு" என்று பாதிரியார் முன்னால் ஏற்றுக்கொண்டவர். ஆயுசுக்கும் தகப்பனுக்குச் சமம்.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில் எங்கள் தெரு ஒக்டாவியா டீச்சர் போன் செய்தார். கணவருக்கு நெஞ்சுவலி. நான் கத்தியதும் பனாயித் பீன்ஸ் சூப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். தட்டு கவிழ்ந்ததைத் துடைத்தது நான். ஆனாலும் வண்டி போய்ச் சேருமுன் அந்த மனிதர் போய்விட்டார்.

டீச்சர் புகார் கொடுத்தார். இயக்குநர் டாக்டர் ஹோரியா விசாரணை வைத்து, கணக்கை எடுத்துப் பார்த்தார். அழைப்பு வந்ததற்கும் வண்டி கிளம்பியதற்கும் நடுவே பத்து நிமிடம் போல இடைவெளி.

"அவரு ஓடினாரு சார், நான் என் கண்ணால பாத்தேன்" என்றேன்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே மேசையில காபி குடிக்கறவங்க" என்று என்னை ஒதுக்கிவிட்டு, சபின் பக்கம் திரும்பினார். "கடிகாரம் சரியா இருக்கா?"

விசாரணை அறையே சபினைப் பார்த்தது. பனாயித் அவனுக்கு யார் என்று தெரியாதவர் அங்கே யாருமில்லை. அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"சரியா இருக்கு சார். ரெண்டு சர்வரும் ஒரே நேரத்தத்தான் காட்டுது. நாஷு, மாமான்னு எல்லாம் மெஷினுக்குத் தெரியாது."

பனாயித்தை வண்டி ஓட்டுவதிலிருந்து எடுத்து, வண்டி கழுவப் போட்டார்கள். மனிதர் நேராக டீச்சர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அவர் என்னிடம் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"சூப்பை முடிச்சிட்டுத்தான் எழுந்தேனோ என்னவோ, சம்ஃபிரா. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. மெஷின் எதுக்குப் பொய் சொல்லப்போகுது?"

இயக்குநருக்கு ருசி கண்டுவிட்டது. அந்த மாதம் கிளம்பிய எல்லா வண்டிகளின் கணக்கையும் எடுத்தார். எல்லா ஓட்டுநரும் தாமதம். எல்லோருக்கும் அதே பத்து நிமிடம்.

"எல்லாப் பயலும் தூங்குறானா?" என்று குதித்தார்.

"எல்லாரும் ஒண்ணாத் தூங்கி ஒண்ணா எழுந்திரிக்க நாங்க என்ன கோழிக்கூண்டா சார்?" என்று நான் கேட்டேன். கேட்டுவிட்டு சபினைப் பார்த்தேன். அவன் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து சர்வர் அறைக்குப் போனான். நானும் பின்னாலேயே போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.

சர்வர்கள் தங்களுக்குள் நடப்பதை வரி வரியாக எழுதிவைக்கும். அதுதான் லாக். குளிர்காலத்தில் அதில் நேரத்தைப் பற்றிய புலம்பல் நிறைய வந்ததாம். தொல்லை தாங்காமல், அந்த வரிகள் மட்டும் கண்ணில் படாதபடி ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டிருந்தான். இப்போதுதான் அதைத் திறந்தான். ஒரே வரி, பக்கம் பக்கமாக: வெளியே நேரம் கேட்க ஒருவரும் கிடைக்கவில்லை.

புதிதாகப் போட்ட பாதுகாப்பு வளையம், சர்வர்கள் இணையத்தில் நேரம் கேட்கப் போகும் வழியை அடைத்திருந்தது. அதனால் முதல் சர்வர் இரண்டாவதிடம் நேரம் கேட்டது, இரண்டாவது முதலாவதிடம் கேட்டது. வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி. இரண்டும் ஒற்றுமையாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கிக்கொண்டே போயின. அழைப்பு வந்த நேரத்தைப் பதிவது இந்த இரண்டும்தான். வண்டி கிளம்பிய நேரத்தைப் பதிவது வண்டிக்குள் இருக்கும் கருவி. அது செயற்கைக்கோளிடம் கேட்டுச் சரியாக ஓடியது.

எங்கள் மொட்டை மாடியிலும் செயற்கைக்கோளைக் கேட்கும் ஒரு பழைய கடிகாரம் இருந்தது. மூன்றில் அது ஒன்றுதான் உண்மையைச் சொன்னது. இரண்டுக்கு ஒன்று என்பதால் சர்வர்கள் அதைத்தான் பொய்க்கடிகாரம் என்று லாக்கில் குறித்திருந்தன. சபினும் குளிர்காலத்திலேயே அந்தக் குறிப்பை நம்பி, கடிகாரம் கெட்டுப்போனது என்று அதன் வயரைப் பிடுங்கி வைத்திருந்தான்.

"அன்னிக்கு விசாரணைக்கு முன்னாடி இதைப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா."

"எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் பாக்க?"

"ஒரு காபி குடிக்கற நேரம்." இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். "வெக்கமா இருக்குக்கா. செத்துடலாம் போல இருக்கு."

எனக்கு அவனைத் தேற்றத் தோன்றவில்லை.

இயக்குநரிடம் அவனே போய்ச் சொன்னான், எல்லோர் முன்னாலும், மறைக்காமல். பனாயித்துக்கு மறுபடி சாவியைக் கொடுத்தார்கள். ஆனால் அவர் அவனோடு பேசவில்லை.

ஈஸ்டர் வந்தது. நாஷ் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது. சபின் ஒயினும் இனிப்பு ரொட்டியும் ஒரு உயிர்ச் சேவலும் எடுத்துக்கொண்டு வந்தான். எதிர்வீடு என்னுடையது. வாசலில் நின்றிருந்தேன். ஒளிந்து ஒன்றும் பார்க்கவில்லை.

"கிறிஸ்து உயிர்த்தார், நாஷே!"

"மெய்யாகவே உயிர்த்தார்." பகையாளி சொன்னாலும் இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். பனாயித் சொன்னார். கேட்டை மட்டும் திறக்கவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன், நாஷே."

"தப்பா கணக்குப் போட்டிருந்தா பரவால்லடா. நீ பாக்கவே இல்லையே."

"பாத்தா, உங்களுக்காகத்தான் பாத்தேன்னு ஊரு சொல்லும்னு பயந்தேன்."

பனாயித் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்டா, எனக்காகப் பாக்கக் கூடாதா?"

சபினுக்குக் கண்ணில் நீர் முட்டியது. சேவல் வேறு கையிடுக்கில் திமிறியது.

"அழாத. அந்த டீச்சரம்மா இன்னும் நான் சூப்பு குடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்னுதான் நெனச்சுக்கிட்டிருக்காங்க. ஆபீசுல சொன்னியே, அவங்ககிட்ட யாரு சொல்றது? மொதல்ல அங்க போ."

டீச்சர் வீடு தெருக்கோடியில். பண்டிகைச் சட்டையோடு ஊர் முழுக்க வாசலில் நிற்க, நாஷ் வாங்கிக்கொள்ளாத சேவலைத் தூக்கிக்கொண்டு சபின் நடந்தான். எல்லோருக்கும் புரிந்தது. யாரும் சிரிக்கவில்லை, அதுதான் கொடுமை. ஒக்டாவியா டீச்சர் கறுப்புடையில் கதவைத் திறந்தார். பண்டிகை வாழ்த்துச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"டீச்சர், அன்னிக்கு வண்டி உடனே கெளம்பிடுச்சு" என்றான். "கெளம்பலன்னு சொன்னது நான்."