பேத்தை ஈரலும் ஐந்து குறிப்புகளும்

நான் கரடியனாற்று வயல்காரி. தன்னாமுனை மீனவரைக் கலியாணம் செய்த மூன்றாம் மாதம் நடந்தது இது!

"நீங்கள் வீணாக்கும் ஐந்து மீன் பாகங்கள்" என்று ஃபோனில் ஒரு பட்டியல் வந்தது. முதலாவதே ஈரல்! கணவர் வாவியில் பிடித்த மீன்களைக் குவித்துவிட்டு வலை கழுவப் போயிருந்தார். வயிறு உப்பிய மீன் ஒன்றின் ஈரலை எடுத்துப் பொரித்தேன். வாயருகே கொண்டுபோனபோது கணவரின் தங்கை ஓடிவந்து தட்டிவிட்டார்.

"என்ன மச்சாள் இது! பேத்தை மீன்ட ஈரல்! சரியான நஞ்சு! அண்ணன் வந்துதான் அதைப் பொறுக்கி எறியிறவர்!"

பட்டியல் பொய்யில்லை. ஆனால் அது நினைத்த "நீங்கள்" பொறுக்கிக் கழித்த மீனைக் கடையில் வாங்குபவர். வலைமீனைச் சட்டியில் போடும் நான் அல்ல. இப்போது எந்தப் பட்டியலையும் மச்சாளுக்கு வாசித்துக் காட்டிவிட்டே அடுப்பை மூட்டுகிறேன். அவருக்குத்தானே என்னைத் தெரியும்!