சைக்கிள் கொட்டகைக்குப் போன டிபன் பெட்டி

மோட்டார் தொழிற்சாலையின் பண்டகசாலையைப் பதினான்கு ஆண்டுகளாகக் கட்டிக்காத்த அந்த அம்மாளை எல்லோரும் ரசீதக்கா என்றே அழைத்தார்கள். ஒரு திருகாணி வெளியே போனாலும் அவருக்குக் கையெழுத்து வேண்டும். பத்தாவதைத் தாண்டாதவர், ஆனால் ஆலையின் விதிப்புத்தகத்தை வரி விடாமல் தாமே படித்தவர்.

ஆகவே மேற்பார்வையாளர் வந்து, "இனிமே சாப்பாட்டு ரூம்ல மீன், கறி வேணாம்க்கா. புது மேனேஜருக்குக் குமட்டுதாம்" என்றபோது, அவர் தலைநிமிராமலே, "எழுத்துல குடுங்க சார்" என்றார்.

மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். அதுதான் அவர் செய்த பிழை. 'பிறர் முகம் சுளிக்கும் உணவைக் கொண்டுவருவோர் சைக்கிள் கொட்டகையில் உண்ண வேண்டும்.' கீழே கையெழுத்து, தேதி, முத்திரை.

"போன மாசம் வரைக்கும் என் டப்பாவுல நடுத்துண்டமா பாத்து எடுத்தீங்களே, அப்ப இந்த மூக்கு எங்க சார் போச்சு?"

"மேலிடத்து உத்தரவுக்கா. என்னை ஏன் வறுக்கிறீங்க?"

ரசீதக்காவோடு ஒரே பெஞ்சில் அமர்ந்தவர்கள், வீட்டில் மீன் ஆய்ந்த கையோடு வந்து, ஆலையில் காய்கறிக்கு மாறிக்கொண்டார்கள். அவர் மாறவில்லை. தன் அடுப்பில் எது வேக வேண்டும் என்று அடுத்தவன் மூக்கு முடிவுசெய்வதா? ஏழு மாதம், கிரீஸ் நாற்றத்துக்கும் மழைச் சாரலுக்கும் நடுவே, டப்பாவை மடியில் வைத்து உண்டார். வயிறு நிறைந்தது, நெஞ்சுதான் எரிந்துகொண்டே இருந்தது.

தொழிலாளர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்க வெளியிலிருந்து ஆய்வுக்குழு வரப்போவதாகச் செய்தி வந்தது. மேற்பார்வையாளர் ஓடிவந்தார்.

"அக்கா, அந்தப் பேப்பரைக் குடுத்துடுங்க. இன்னைலேருந்து நீங்க உள்ளயே சாப்பிடலாம்."

"வெளிய போன்னு சொன்னது எழுத்துல. உள்ள வான்னு சொல்றது மட்டும் வாயாலயா?"

அரைமணி நேரத்தில் தாள் வந்தது. 'நிர்வாகம் பெருந்தன்மையுடன் அனுமதிக்கிறது' என்றிருந்தது. ரசீதக்கா பேனாவை எடுத்தார். பெருந்தன்மை என்ற சொல்லின் கீழ்ச் சிவப்பு மையால் கோடிட்டார்.

"என் சோத்தை நான் திங்க உங்களுக்கு எதுக்கு சார் பெருந்தன்மை? பண்ணது தப்புன்னு எழுதுங்க. எழுதி, போர்டுல ஒட்டுங்க."

"மேனேஜர் ஒத்துக்க மாட்டாருக்கா!"

"அப்ப ஆய்வுக்குழு வரட்டும். கொட்டகையில அவங்களுக்கும் இடம் இருக்கு."

மதிய மணி அடிப்பதற்குள் புதிய தாள் பலகையில் ஏறியது: 'முந்தைய உத்தரவு தவறானது, ரத்து செய்யப்படுகிறது.'

"இப்பவாவது பழைய பேப்பரைக் குடுங்கக்கா."

"நகல் தரேன், கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க. அசல் என்கிட்டதான் இருக்கும்."

சாப்பாட்டு அறையில் பெஞ்சுக்காரர்கள் அவசரமாக நகர்ந்து, "வாங்கக்கா, வாங்க" என்றார்கள். ரசீதக்கா யாரையும் பார்க்கவில்லை. தன் பழைய இடத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். பழக்கதோஷத்தில் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது.

"கையை எடு" என்றார். முள்ளை மட்டும் மிச்சம் வைத்து, முழுவதையும் தாமே உண்டு முடித்தார்.