காலருக்குள் ஒரு நம்பர்

காலை ரேடியோவில் செய்தி ஆரம்பித்ததும் தையல் மெஷினை மிதிக்கும் அவள் கால் நின்றுவிடும். ஊசி துணியில் குத்தியபடியே நிற்க, தலையைச் சாய்த்துக் கேட்பாள். எங்கோ ஒரு சந்தையில் பெரியவர் ஒருவரின் பர்ஸை யாரோ அடித்துவிட்டார்களாம். "சரி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கையிலிருக்கும் பேண்ட்டைத் திருப்பிப் போட்டு, இடுப்புப் பட்டிக்கு உள்ளே ஒரு ரகசியப் பாக்கெட்டுக்கு சாக்பீஸால் கோடு போடுவாள். பேண்ட்டுக்குச் சொந்தக்காரர் கேட்டது நீளத்தைக் குறைக்க மட்டும்தான்.

தெருவில் அவளுக்கு எக்ஸ்ட்ரா அக்கா என்று பெயர். தையல் தெரிந்தவர்கள் லட்சம் பேர் இருக்கட்டும். செய்தி கேட்டுத் தைக்கிறவள் இவள் ஒருத்திதான். வேறு யாராவது இருந்தால் காட்டுங்கள், பார்க்கலாம். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி. கிழிந்த சட்டைகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே தொழிலைப் பிடித்தாள். மெஷினும் அவள் சம்பாத்தியம், கடையும் அவள் சம்பாத்தியம். போர்டைக்கூட அவளே ஏறி நின்று மாட்டினாள். கொஞ்சம் கோணல்தான். ஆனால் சொந்தக் கோணல்.

பொத்தானை விழுங்கிய குழந்தையைப் பற்றி ஒருநாள் செய்தி வந்தது. அன்றிலிருந்து அவள் தைத்த குழந்தைச் சட்டையில் பொத்தானைப் பிடுங்கப் பயில்வான்தான் வர வேண்டும். இருட்டில் சைக்கிளில் போனவரை லாரி இடித்ததாக இன்னொரு நாள் செய்தி. ஜிப் மாற்ற வந்த ஸ்கூல் பைகளுக்கெல்லாம் முதுகில் பளபளக்கும் பட்டை ஏறிவிட்டது. "இருட்டுல தெரியணும்ல?" என்பாள். அதற்கென்று தனியாகக் காசு ஒன்றும் வாங்க மாட்டாள்.

அயர்ன் மேஜையில் நிற்கும் கணவர் பாட்டுப் பிரியர். அவர் பாடுதான் கஷ்டம்.

"விடிஞ்சா வெட்டு, குத்து. ஒரு பாட்டு வைக்க விடறியா? கேட்டுக் கேட்டு எனக்குக் காதே புளிச்சுப்போச்சு."

"கேட்டாத்தானே எங்க பிரிஞ்சிருக்குன்னு தெரியும்?"

"ஆமா, ஊருக்கே நீதான் ஒட்டுப் போடப்போற."

"ஊருக்கு யாருங்க போட்டா? கைக்கு வந்ததுக்குப் போடறேன்."

போர்ச் செய்தி வரும் நாளில் மட்டும் அவள் கை கொஞ்ச நேரம் சும்மா கிடக்கும். "இதுக்கு எங்கிட்ட நூல் இல்ல" என்பாள். பிறகு மேஜைக்கு அடியில் கிடக்கும் வெட்டுத் துண்டுகளை வாரி எடுத்து ஒட்டுப் போர்வை ஒன்றை ஆரம்பிப்பாள். யாருக்கு என்று கேட்டால், "யாருக்காவது குளிராமலா இருக்கும்?" என்று பதில் வரும்.

இந்தப் பழக்கம் ஒருமுறை அவள் பிழைப்பிலேயே கை வைக்கப் பார்த்தது. ஞாபகம் தப்பிய பெரியவர் ஒருவர் வீட்டைவிட்டு வெளியே போய், யார் வீட்டு ஆள் என்று தெரியாமலே எங்கோ கிடந்தார் என்று அன்று செய்தி வந்தது. மேஜையில் இருந்தவை பள்ளித் தலைமையாசிரியையின் அப்பாவுடைய சட்டைகள். பொத்தான் மாற்ற வந்தவை. அவற்றைக் கொடுக்க வந்தபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பா, "இது யார் வீடு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டதையும், ஒவ்வொரு முறையும் மகள் பேச்சை மாற்றியதையும் எக்ஸ்ட்ரா அக்கா கவனித்திருந்தாள். எல்லாக் காலர்களுக்கும் உள்பக்கம் சிவப்பு நூலில் ஒரு போன் நம்பரைத் தைத்து அனுப்பிவிட்டாள்.

மறுநாள் தலைமையாசிரியை அப்பாவையும் ஒரு சட்டையையும் கையோடு கொண்டுவந்தார். அந்தப் பள்ளியின் யூனிபார்ம் தையலில்தான் கடையே ஓடுகிறது.

"இது என்ன?"

"நம்பர், டீச்சர்."

"உங்க கடை நம்பர். எங்கப்பா கழுத்துல உங்களுக்கு விளம்பரமா?"

பின்னால் அயர்ன் பெட்டி ஒரே இடத்தில் நின்றது. துணி கருகிய வாடை வந்த பிறகுதான் கணவர் அதைத் தூக்கினார்.

"விளம்பரம்னா வெளியில தைச்சிருப்பேன் டீச்சர். உங்க நம்பர் எங்கிட்ட இல்ல. யாராச்சும் கூப்பிட்டா நான் ஓடிவந்து சொல்லலாம்னு..."

"எதுக்கு யாராச்சும் கூப்பிடணும்? அவருக்கு ஒண்ணுமில்ல. வயசு, அவ்வளவுதான்." குரல் உயரவே இல்லை. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

"அப்ப வேணாம்னுதானே அர்த்தம்? பிரிச்சிடுங்க. யூனிபார்மை நாங்க வேற இடத்துல குடுத்துக்கறோம்."

அவள் வாதாடவில்லை. டீச்சர் கேட்டது நியாயம் என்றே அவளுக்கும் பட்டது. தையல் பிரிக்கும் கத்தியை எடுத்து முதல் எண்ணில் நுழைத்தாள்.

பெஞ்சிலிருந்து அப்பா எழுந்து வந்தார். அவள் கைக்கு அடியிலிருந்து சட்டையை மெதுவாக உருவி, போட்டிருந்த சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, கழுத்துவரை பொத்தானைப் போட்டார். ஒரு பொத்தான் இடம் மாறிவிட்டது.

"விடு பாப்பா" என்றார், தலை நரைத்த மகளைப் பார்த்து. "அன்னிக்கு பால் வாங்கப் போனேன்ல? வந்த வழி தெரியல. உங்கிட்ட சொல்லல. பயந்துடுவே."

"அப்புறம் எப்படிப்பா வீட்டுக்கு வந்தீங்க?"

"நம்ம தெரு நாய் ஒண்ணு போச்சு. அது பின்னாடியே வந்துட்டேன்."

கணவர் எட்டி ரேடியோவை அணைத்தார். தலைமையாசிரியை பெஞ்சில் உட்கார்ந்து அப்பாவின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். இடம் மாறியதைக் கடைசியில் கழற்றினார். சட்டையை மேஜையில் வைத்து, யார் முகத்தையும் பார்க்காமல் தன் நம்பரைச் சொன்னார். பாதியில் நிறுத்தி, அப்பாவின் காலரைச் சரிசெய்தார். எக்ஸ்ட்ரா அக்கா அவசரப்படுத்தவில்லை. நூலைக் கோத்து, ஊசியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பழசைப் பிரிக்கட்டுமா டீச்சர்?"

"இருக்கட்டும். நான் கிளாஸ்ல இருந்தா போன் எடுக்க முடியாது."

தைத்து முடிந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தபோது டீச்சர் எழுந்தார்.

"திங்கக்கிழமை பிள்ளைங்கள அளவெடுக்க அனுப்பறேன். ஆனா இனிமே எதைத் தைச்சாலும் கேட்டுட்டுத் தைங்க."

"கண்டிப்பா டீச்சர்" என்றாள் எக்ஸ்ட்ரா அக்கா. அதற்குள் அவளுடைய இரண்டு விரல்கள் டீச்சரின் தோளில் தொங்கிய கைப்பையின் வாரைப் பிடித்து, தாங்குமா என்று மெல்ல இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தன.