மயிலைக் காளையை வாங்கியவன்

வெள்ளைக்காரன் சண்டை நடந்த அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்து ஆடுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. திருட்டு இல்லை, கேட்ட விலையைக் கொடுத்துத்தான் வாங்கிப் போனார்கள். கேட்ட விலையை மறுபேச்சில்லாமல் கொடுக்கிறவனை நான் நம்புவதில்லை. தேனிச் சந்தையில் கிடாய் விலை ஏறியது, பிறகு கோழி, பிறகு முட்டை. எங்களுக்குக் கறி என்றால் தீபாவளிக்கும் வீரபாண்டித் திருவிழாவுக்கும் மாப்பிள்ளை விருந்துக்கும்தான். இம்புட்டையும் தின்கிற வயிறு எங்கே இருக்கிறது என்று கேட்டால், பட்டாளத்தில் என்பார்கள். காலையில் கறி, மத்தியானம் கறி, போதாததற்குக் கப்பலில் டின்னில் அடைத்து வேறு வருகிறதாம்.

என் வீட்டுக்காரரும் பட்டாளத்தில்தான் இருந்தார். வீட்டில் இரண்டு துண்டுக்கு மேல் தொடாத மனுஷன். போகும்போது அவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "மயிலையை மட்டும் வித்துராத. கெழடாகி உழவுக்கு ஆகாட்டியும் இங்கனயே கெடக்கட்டும்." மயிலை எங்கள் சாம்பல் நிறக் காளை. கன்றாக வந்த நாளிலிருந்து அவர் கையால்தான் தின்று வளர்ந்தது. என்னிடம்கூட அவர் அவ்வளவு பேசியதில்லை என்று எனக்கு அதன்மேல் கொஞ்சம் பொறாமை உண்டு. ஆனாலும் அதைக் காப்பாற்றி வைத்துவிட வேண்டும் என்றிருந்தேன்.

வானம் பொய்த்த வருஷம் சோளத்தட்டை ஆனைவிலை விற்றது. உழவுக்கு ஓய்ந்துபோன மயிலையை விற்றுவிடலாம் என்றார் மாமனார். நான் எவ்வளவோ மல்லுக்கு நின்றேன். "நிக்கிற மாட்டுக்குப் போட்டுட்டு, உழுகிற மாட்டைப் பட்டினி போடச் சொல்றியா?" என்றார். விற்கிறதென்றால் வேலைக்கு வாங்குகிறவனுக்குத்தான், வாங்க வருகிறவனை நான் பார்த்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். மாமனார் சிரித்தார். சந்தேகம் பிடித்தவள் என்று ஊருக்குள் எனக்கு ஏற்கெனவே பேர்.

முதலில் கம்பத்திலிருந்து ஒருவர் வந்தார். வந்ததும் மாட்டின் தொடையை அமுக்கிப் பார்த்தார், வாலடியைப் பிடித்துப் பார்த்தார். வாயைத் திறந்து வயசுக்குப் பல்லைப் பார்க்கவே இல்லை. எதற்கு வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். "பொய் சொல்ல மாட்டேன் தாயி, கறிக்குத்தான்" என்றார். நான் முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவர் கோபிக்காமல், குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

பிறகு வந்தவன் நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தான். குமுளிக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் வண்டிக்கு மாடு வேண்டும் என்றான். நான் கதவோரம் நின்று அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை தொடைப்பக்கம் போகவே இல்லை. பல்லைப் பார்த்தான், குளம்பைத் தட்டினான், பூட்டி ஓட்டிப் பார்த்து நடை நன்றாக இருக்கிறது என்றான். கடைசியில் முதுகிலிருந்த மயிர்ச் சுழியில் விரலை வைத்து முகத்தைச் சுளித்தான்.

"இந்தச் சுழி வச்சிருக்கவனுக்கு ஆகாதே ஆத்தா. எனக்கு வேணாம்."

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்ப, மாமனார்தான் ஓடிப்போய் மறித்தார். எனக்கோ வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அறுக்கிறவன் சுழி பார்ப்பானா? விலையை அவனே குறைத்தான், நான் வாயைத் திறக்கவில்லை. மயிலையைப் பிடித்துக்கொண்டு போகும்போது இதுக்கு என்ன தீனி பிடிக்கும் என்று வேறு கேட்டான். பருத்திக்கொட்டை என்று நானே சொன்னேன்.

சின்னமனூரில் என் அக்கா வீடு. அந்த வருஷம் கதிரறுப்பு முடிந்து அங்கே போயிருந்தபோது அவளும் ஒரு மாடு விற்ற கதையைச் சொன்னாள். வாங்கினவன் விபூதிக்காரன். பல்லும் குளம்பும் பார்த்து, பூட்டி ஓட்டிப் பார்த்து, சுழி ஆகாது என்று சொல்லிக் கிளம்பப் பார்த்திருக்கிறான்.

"மலையில வண்டிக்குன்னு சொன்னான்டி. நடை நல்லாருக்குன்னும் சொன்னான்."

"எந்த மாட்டைக்கா வித்த?"

"அந்த நொண்டியைத்தான்."

அக்கா அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள், நொண்டி மாட்டைத் தலையில் கட்டிவிட்டோம் என்ற சந்தோஷம் அவளுக்கு. நான் அன்றைக்கே கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து மாமனாரிடம் சொன்னேன். "நொண்டிக்கும் மலையில ஏதாச்சும் வேலை இருக்கும்" என்றவர், அன்றைக்கெல்லாம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சண்டை முடிந்து என் வீட்டுக்காரர் வந்தார். தொழுவத்தைத் தாண்டித்தான் வீட்டுக்குள் வரவேண்டும், அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மயிலை எங்கே என்று கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். கேட்காததுதான் என்னைக் கொன்றது. யாரோ முந்திக்கொண்டு சொல்லியிருக்கிறார்கள் என்று ஊரில் ஒவ்வொருத்தரையும் சந்தேகப்பட்டேன். மாமியார் ஆசையாகக் கோழி அடித்துக் குழம்பு வைத்தார். என் வீட்டுக்காரர் குழம்பைத் தொடாமல் மோர் ஊற்றித் தின்றுவிட்டு எழுந்துவிட்டார். பட்டாளம் போன இடத்தில் யாராவது ஒருத்தி வேறு மாதிரி சமைத்துப் போட்டிருப்பாளோ என்றுகூட என் புத்தி போயிற்று.

தாங்கமாட்டாமல் ஒருநாள் தோட்டத்தில் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தபோது நானே சொன்னேன். "மயிலையை வித்தாச்சு. மாமா வித்துட்டாக. மலையில வண்டிக்குன்னு..."

"ம். வண்டிக்குன்னுதான் சொல்லியிருப்பான்" என்றார். கோபமில்லை. கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தார்.

பட்டாளத்தில் துப்பாக்கி பிடித்திருப்பார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவருக்குச் சப்ளை டிப்போவில் வேலையாம். ரயிலில் வருகிற மாடுகளை இறக்கி, கயிற்றைப் பிடித்து அறுப்புக் கொட்டகை வரைக்கும் கொண்டுபோய் விடுவது.

"எல்லாம் கறிக்குன்னே வளத்த மாடுன்னு சொன்னாக. கழுத்தைத் தடவிப் பாத்தேன். ஒண்ணு விடாம நுகத்தடித் தழும்பு. உழுத மாடு, வண்டி இழுத்த மாடு. எவ வீட்டுலயோ வண்டிக்குன்னு நம்பிக் குடுத்ததுக."

நானே கேட்டேன்.

"நம்ம மயிலை அங்கன வந்துச்சா?"

அவர் வாய்க்கால் பக்கம் திரும்பிக் கையைக் கழுவினார்.

"மயிலையா நெறைய வந்துச்சு" என்றார். "அந்த நெறத்தைக் கண்டா மட்டும் கயித்தைப் பக்கத்தாளுகிட்டக் குடுத்துட்டுத் திரும்பி நின்னுக்கிருவேன்."