சின்னாளபட்டிச் சாயமும் நான் கொடுத்த விளக்கெண்ணெயும்

சின்னாளபட்டிக்குச் சேலை எடுக்கப் போகிறவர்கள் இதையும் படித்துவிட்டுப் போங்கள். நான் முதலில் போனது அறுபத்து நான்காம் வருஷக் கோடையில், தங்கை கல்யாணத்துக்குச் சுங்குடிச் சேலை எடுக்க. மதுரையில் காலை ஆறரைக்கு பஸ் ஏறி எட்டரைக்கு இறங்கினேன். என் மனைவியின் அண்ணன் அங்கே சுங்குடிக்குச் சாயம் போடுகிறவர். அவர் இருக்க, வேறு ஆளிடம் எதற்குப் போக வேண்டும்?

வீட்டுக்குள் நுழைந்தால் மச்சான் சுருண்டு கிடக்கிறார். விடியற்காலையிலிருந்து வாந்திபேதி. நான்தான் பெரிய மேதாவியாயிற்றே. "வயித்தைக் கழுவி விட்டா கிருமி பூராம் வெளிய போயிரும்" என்று விளக்கெண்ணெய் கொடுக்க வைத்தேன். பத்தரைக்குள் கண் குழிந்து, விரல் சுருங்கி, பேச்சும் நின்றுவிட்டது. மச்சான் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

நூல் இறக்கிவிட்டுத் திரும்பிய லாரி ஒன்றை மறித்தோம். டிரைவர் எட்டிப் பார்த்து, "ஏத்துங்கண்ணே, செத்த நேரத்துல போயிரலாம்" என்றார். திண்டுக்கல் ஏழு மைல். இருபது நிமிஷத்தில் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினார்.

டாக்டரம்மா உடனே சலைன் ஏற்றினார். மூன்று மணிக்கு நாடி தெளிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பேதிக்குக் குடுத்தது யாரு?"

நான் கையைத் தூக்கினேன்.

"கிருமி என்ன சேலைச் சாயமா, அலசினா போறதுக்கு?"

கட்டிலிலிருந்து ஈனக் குரல் வந்தது. "எங்க சாயம் அலசினாலும் போகாதும்மா."

பத்தரையிலிருந்து வாய் திறக்காத மனுஷன். நான் அங்கேயே நின்று அழுதுவிட்டேன்.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப இந்தக் காலராக் கிருமியும் உங்க சாயம் மாதிரிதான். குடல் சுவர்ல கெட்டியா ஒட்டிக்கிட்டு, அங்க இருந்தே விஷத்தைக் கக்கும். பேதிக்குக் குடுத்தா உடம்புத் தண்ணிதான் போகும், அது போகாது. நாம தண்ணியை ஏத்திக்கிட்டே இருந்தா, நாலஞ்சு நாள்ல குடலே மேல்தோலை உரிச்சுப் போட்டுரும். ஒட்டின கிருமியும் அதோட போயிரும்."

ஐந்தாம் நாள் மச்சான் தன் காலாலேயே நடந்து வெளியே வந்தார். அப்பாடா என்றிருந்தது. மச்சான் மனைவியும் அன்றைக்குத்தான் என்னிடம் பேசினாள்.

போகிறவர்கள் கொதித்து ஆறிய தண்ணீரைக் குடியுங்கள். யாருக்காவது வாந்திபேதி கண்டால், உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பேதி மருந்து வேண்டவே வேண்டாம். சேலையைப் பிரித்துப் பாருங்கள், பேரம் பேசுங்கள். சாயம் போகுமா என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த ஊரில் நான் இதுவரை கேட்டதில்லை.